பிங்க் ஃபிளாய்டின் சிறந்த பாடல்: என் வாக்கு ‘எக்கோஸ்’ பாடலுக்கே

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் சிறந்த பாடல் எது என்று ரசிகர்கள் வாதிடத் தொடங்கினால், 1979இல் வெளியான ‘தி வால்’ தொகுப்பின் ‘கம்ஃபர்டபிளி நம்’ பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கிறது. அதில் டேவிட் கில்மோரின் இரண்டாவது கிட்டார் தனியிசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் என் வாக்கு 1971இன் ‘எக்கோஸ்’ பாடலுக்குத்தான்.

இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்து 23 நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாடல், குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பியானோவில் தட்டிய ஒற்றைச் சுரத்தை லெஸ்லி எனும் சுழல் ஒலிபெருக்கி வழியே செலுத்தியபோது பிறந்த, கிணற்றுக்குள் நீர்த்துளி விழுவது போன்ற ஓசையில் தொடங்குகிறது. நடுவில் தாளம் முற்றிலும் கரைந்து, காற்றின் ஊளையும் கடற்பறவையின் கதறலும் போன்ற ஒலிகள் மட்டுமே எஞ்சும் பகுதியைப் பலர் தாண்டிச் செல்வது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அந்த இருளுக்குள் இருந்து வந்தவருக்கே பிறகு மெல்ல எழும் ஆர்கனின் வெளிச்சம் புரியும்.

குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து பின்னர் விலகிய சிட் பாரெட்டை நினைத்து எழுதப்பட்ட ‘ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்’ பாடலே சிறந்தது என்போரிடம் மட்டும் நான் வாதிடுவதில்லை.

‘எக்கோஸ்’ பாடலில் கில்மோரின் குரலும் ரைட்டின் குரலும் பிரித்தறிய முடியாதபடி இழைந்திருக்கின்றன. 2008இல் ரைட் மறைந்த பிறகு, அவரில்லாமல் அதை மேடையில் இசைக்கக் கில்மோர் விரும்பவில்லை.