மாத்திரை அட்டையின் பின்புறம்

எனக்கு வரும் சளி எப்போதும் தொண்டைக் கரகரப்பில் தொடங்கி, மூக்கொழுகலாகி, ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். இம்முறை அப்படி இல்லை. நண்பகல் வரை வேலை செய்துகொண்டிருந்த எனக்கு, மாலை நான்கு மணிக்குள் குளிர் நடுக்கமும், அடித்துப் போட்டாற்போன்ற உடல்வலியும் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. வெப்பமானி 39.2 டிகிரி செல்சியஸ் காட்டியது. சாதாரணச் சளி மெல்ல மெல்லத்தான் கூடும் என்றும், இப்படித் திடீரென ஆளைச் சாய்ப்பது இன்ஃப்ளூயன்சாவின் இயல்பு என்றும் மருத்துவர் தொலைபேசியில் விளக்கினார். முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் என்றால், முதல் 48 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்குவது நல்லதாம். எனக்கு அத்தகைய சிக்கல் எதுவும் இல்லாததால், வீட்டிலேயே ஓய்வெடுத்து, காய்ச்சலின் அளவையும் மாத்திரை விழுங்கிய நேரத்தையும் ஒரு தாளில் குறித்துவரச் சொன்னார்.

அந்தத் தாளின் அருமை இரண்டாம் நாள் இரவில் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இரண்டு விழுங்கிவந்தேன். மூக்கடைப்பு தாங்காமல், வீட்டில் இருந்த சளி மாத்திரையையும் எடுத்தேன். பெயரைத் தாளில் எழுதுவதற்காக அட்டையைத் திருப்பினேன். ஏற்கெனவே பிய்த்த இடங்களில் எழுத்துகள் பாதியாகக் கிழிந்திருந்தன. விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்துப் படித்தபோது, அதிலும் மாத்திரைக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருப்பது தெரிந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4,000 மில்லிகிராம்தான். தாளைக் கூட்டிப் பார்த்தால் நான் அந்த எல்லையிலேயே நின்றுகொண்டிருந்தேன். அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும், அந்தப் பாதிப்பு தொடக்கத்தில் வெளியே தெரியாமலும் போகலாம் என்பதால், கையிலிருந்த மாத்திரையை அப்படியே வைத்துவிட்டேன். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் சளி பச்சையாக வந்ததும், முன்பு மீந்துபோன ஆன்டிபயாட்டிக்கை விழுங்கலாமா என்று மனம் அலைபாய்ந்தது. நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியாத் தொற்று என்று சொல்லிவிட முடியாது என்பதும், வைரஸிடம் அந்த மருந்து வேலை செய்யாது என்பதும் எனக்குத் தெரிந்தவைதாம். ஆனால் நோயில் கிடக்கும்போது தெரிந்ததன்படி நடப்பதுதான் கடினமாக இருக்கிறது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்ததால், பசியில்லாவிட்டாலும் சிறிது சிறிதாக வெந்நீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ மனக்குழப்பமோ ஏற்பட்டாலும், தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலும், சற்றும் காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். தேறிவிட்டதாக எண்ணும் நேரத்தில் நிமோனியா தலைகாட்டுவது உண்டு என்பதால், அதன் பிறகும் இரண்டு நாட்கள் காலையும் மாலையும் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றிக் கழிந்த பின்னரே வீட்டாருடன் ஒரே அறையில் அமர்ந்தேன். வறட்டு இருமல் மட்டும் மூன்றாம் வாரம் வரை நீடித்தது. பதினேழாம் நாள் இரவுதான் ஒருமுறைகூட இருமாமல் தூங்கினேன்.