‘ரேம் ஏத்துங்க சார்’ என்றார்கள், செத்துக்கொண்டிருந்தது ஹார்ட் டிஸ்க்

எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் நத்தையாகிவிட்டதா? டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, படிக்கும் வேகமோ விநாடிக்கு ஒரு எம்பி கூடத் தேறவில்லையா? அப்படியானால் செக் டிஸ்க் (டிஸ்கைச் சோதித்துப் பிழை திருத்தும் விண்டோஸ் கருவி) போடாதீர்கள். கடைக்காரர் போடுகிறேன் என்றாலும் விடாதீர்கள். ஃபைல்களை வெளியே எடுத்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

நான் விட்டேன். அதன் பலன் கொஞ்ச நாள் கழித்து, நினைத்தே பார்க்காத இடத்தில் வந்து மறித்தது.

மெஷின் சாதாரண லேப்டாப். 2.5 அங்குல, 5400 சுற்று, 500 ஜிபி டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 7ஆம் எண் பிழை, அதாவது ‘பேட் பிளாக்’, வரிசையாக விழுந்திருந்தது. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளான கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ காட்டியது. சி5 வரியில், அதாவது கரண்ட் பெண்டிங் செக்டாரில் (படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் சேமிப்புத் துண்டுகளின் எண்ணிக்கை), 18 என்று இருந்தது. பதினெட்டுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அது பதினெட்டு இல்லை. அந்த மென்பொருள் ரா வேல்யூவை ஹெக்ஸாடெசிமலில்தான் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) காட்டும். 18 என்றால் 24. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சருக்குள் ரா வேல்யூஸ் என்று இருக்கும், அதை 10க்கு மாற்றிவிட்டுத்தான் எண்களைப் பார்க்க வேண்டும். 24 என்றதுமே இன்னொன்றும் பிடிபடும். இந்தக் காலத்து டிஸ்கில் உள்ளே ஒரு செக்டார் 4096 பைட், வெளியே 512 ஆகப் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே ஒரு இடம் கெட்டால் கணக்கில் எட்டு ஏறும். 24 என்றால் மூன்று இடம்.

சர்வீஸ் கடையில் ஒரு இரவு வைத்திருந்துவிட்டு, “ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் சார் இருக்கு. செக் டிஸ்க் போட்டாச்சு, ஸ்டேட்டஸ் ஓகேன்னு வருது. ரேம் ஏத்துங்க, பறக்கும்” என்றார். ஆதாரமாகக் கமாண்ட் பிராம்ப்டில் விண்டோஸ் சொன்ன ‘ஓகே’யைக் காட்டினார். அந்த ஓகேயை நம்பவே கூடாது. டிஸ்க் தன்னைத்தானே ‘ஃபெயில்’ என்று அறிவித்தால்தான் விண்டோஸ் வேறு ஏதாவது சொல்லும். சி5க்குப் பெரும்பாலும் வரம்பு எண் பூஜ்யம்தான். எவ்வளவு ஏறினாலும் அது ஃபெயில் ஆகாது. 05 வரி (ரீஅலகேட்டட் செக்டார்) பூஜ்யமாக இருப்பதைக் காட்டி நல்ல டிஸ்க் என்று சொல்பவர்களும் உண்டு. படிக்க முடியாத இடத்தின் மேல் மறுபடி எழுதும்போதுதான், தேவைப்பட்டால், டிஸ்க் அதற்குப் பதில் வேறு இடத்தை மாற்றி ஒதுக்கும். அதுவரை அது சி5 கணக்கிலேயே கிடக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சி5இல் ஏ8. எழுத்தைப் பார்த்த பிறகுதான் இது ஹெக்ஸ் என்றே எனக்கு உறைத்தது. ஏ8 என்றால் 168, அதாவது 21 இடம். ‘ஆர்’ (/r) தெரிவோடு போடும் செக் டிஸ்க், சும்மா கிடக்கும் காலி இடம் உட்பட டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும். தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்கை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் வேறு என்ன நடக்கும்?

வாரண்டிக்காக ஒரு நாள் வீண். டிஸ்கின் மேல் பெரிய கம்பெனிப் பெயர் இருக்கிறதே என்று அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய் டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கவுண்டரில் சீரியல் எண்ணைத் தட்டியதும், “இது ஓஇஎம் டிரைவ் சார், லேப்டாப் கம்பெனிகிட்டதான் போகணும்” என்றார்கள். லேப்டாப்புடன் வந்த டிஸ்குக்கு லேப்டாப் கம்பெனிதான் பொறுப்பு. அந்த வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது. சீரியல் எண்ணை டிஸ்க் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் வீட்டிலிருந்தே இது தெரிந்திருக்கும். வாரண்டி இருந்தாலும் திரும்பி வருவது வேறு டிஸ்க், பெரும்பாலும் ரிப்பேர் செய்து ஸ்டிக்கர் ஒட்டியது. உங்கள் ஃபைல்கள் அதோடு வராது. முதலில் காப்பி, பிறகுதான் வாரண்டி.

காப்பி எடுக்க குனு டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி. விண்டோஸில் இழுத்து விடும் காப்பி ஒரு கெட்ட செக்டாரில் முட்டினால் அங்கேயே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு நிற்கும். இது அந்த இடத்தைத் தாண்டி, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்டதைக் கடைசியில் சுரண்டும். உபுண்டு லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, யூனிவர்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பை இயக்கிவிட்டு நிறுவலாம். பேக்கேஜ் பெயர் முன்னால் ஒரு ‘ஜி’ சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். இந்த வம்பே வேண்டாம் என்றால் சிஸ்டம் ரெஸ்க்யூ லைவில் அது ஏற்கெனவே இருக்கிறது. கெட்ட டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிளில் மாட்டாதீர்கள், லேப்டாப்பின் சாட்டா இணைப்பிலேயே இருக்கட்டும். மலிவான யூஎஸ்பி கன்வெர்ட்டர்கள் ஒவ்வொரு படிப்புப் பிழைக்கும் இணைப்பையே உதறிவிடும். காப்பி போகும் டிஸ்க் யூஎஸ்பியில் இருந்தால் போதும். நான் 1 டிபி வெளி டிஸ்கை மாட்டி, அதன் மேலேயே டிஸ்கிலிருந்து டிஸ்குக்கு எடுத்தேன். அதில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும்.

எது மூலம், எது நகல் என்பதை லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரீபூட்டுக்கு ரீபூட் அவை இடம் மாறக்கூடும். சீரியல் எண்ணைத் திரையில் வரவழைத்து லேபிளோடு ஒப்பிட்டுவிட்டு என்டர் தட்டுங்கள். இரண்டும் இடம் மாறினால் மிச்சமிருப்பதும் போச்சு.

முதல் முயற்சி 61 சதவீதத்தில் செத்தது. டிஸ்க் உறைந்துவிட்டது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் மீளும் என்ற நிலை. அணைத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: டிடிரெஸ்க்யூ குறிப்பு எழுதும் மேப் ஃபைலை லைவின் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். லைவ் டெஸ்க்டாப் இருப்பது ரேமில். எங்கே படித்தாயிற்று, எங்கே பாக்கி என்ற குறிப்பு முழுவதும் அதோடு போனது. மேப் ஃபைல் இருந்தால் எத்தனை முறை அணைத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இல்லாவிட்டால் ஏற்கெனவே படித்த 61 சதவீதத்துக்காகச் சாகும் டிஸ்கை மறுபடி ஓட்ட வேண்டும். தனியாக ஒரு சின்ன பென்டிரைவ், அதில் மேப் ஃபைல் மட்டும். இதில் சோம்பல் படாதீர்கள்.

இரண்டாம் முறை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் சுரண்டலைத் தவிர்க்கும் ‘என்’ (-n) தெரிவு. நல்ல டிஸ்க் என்றால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அடுத்து அதே மேப் ஃபைலோடு, டிஸ்கை நேரடியாகப் படிக்கும் ‘டி’ (-d) தெரிவு, மூன்று முறை மறுமுயற்சி. அடியில் சின்ன டேபிள் ஃபேன். முடிவில் திரையில் நின்றது: படிக்க முடியாதது 94,208 பைட். சி5ஐப் பார்த்தேன், பி8. 184 செக்டார், 512ஆல் பெருக்கினால் அதே 94,208. இரண்டு கணக்கும் பைட் பிசகாமல் பொருந்தியதில் வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை. 500 ஜிபியில் 92 கேபி மட்டும் நஷ்டம்.

அந்த 92 கேபி எந்த ஃபைல்களில் விழுந்தது என்று பார்க்க ஒரு வழி உண்டு. டிடிரெஸ்க்யூவின் ஃபில் மோட், நகலில் உள்ள கெட்ட இடங்களை மட்டும் நாம் தரும் ஒரு சொல்லால் நிரப்பும். பிறகு அந்தச் சொல் எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடினால் பட்டியல் கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிரௌசர் கேஷ் ஃபைல். சந்தோஷப்படுவதற்குள் உறைத்தது. கடையில் போட்ட செக் டிஸ்க், தான் கண்ட கெட்ட கிளஸ்டர்களை (செக்டார்களின் தொகுப்புகளை) ஃபைல்களிலிருந்து பிடுங்கித் தனிப் பட்டியலில் போட்டுவிட்டது. எந்தத் துண்டு எந்த ஃபைலுடையது என்ற முகவரியே இப்போது இல்லை. நல்லவேளை, அது தன் அறிக்கையை விட்டுவிட்டுப் போகும். ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதி, மூலம் வின்இனிட், எண் 1001. அதில் ஏழு ஃபைல் பெயர்கள் இருந்தன. ஐந்து விண்டோஸ் அப்டேட் குப்பை, இரண்டு காதுகுத்து வீடியோக்கள். வீடியோ ஓடுகிறது, ஓரிடத்தில் மட்டும் பச்சைக் கட்டங்கள் தெறித்துவிட்டுப் போகும்.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. சென்னை ரிச்சி தெருவில் 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கியிருந்தேன். 500க்கும் 480க்கும் என்ன பெரிய வித்தியாசம், டிஸ்கில்தான் பாதி காலியாக இருக்கிறதே என்ற நினைப்பு. பைட்டுக்குப் பைட் நகல் எடுக்கும்போது காலி இடம் என்று ஒன்று கிடையாது. 500 ஜிபி என்றால் 97,67,73,168 செக்டார். 480 ஜிபி என்றால் 93,77,03,088. கிட்டத்தட்ட 20 ஜிபி துண்டு விழும். 500 ஜிபி எஸ்எஸ்டியே வாங்கியிருந்தால் செக்டார் எண்ணிக்கை அப்படியே பொருந்தியிருக்கும். சீல் உடைத்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

சரி, நகலில் உள்ள சி டிரைவைச் சுருக்கலாம் என்று, பார்ட்டிஷன் அளவை மாற்றும் ஜிபார்ட்டட் கருவிக்குப் போனேன். மறுத்துவிட்டது: இந்த டிஸ்கில் கெட்ட செக்டார்கள் இருக்கின்றனவாம்! நகல் எடுத்த டிஸ்கில் ஒரு செக்டார் கூடக் கெடவில்லை. கடைக்காரர் போட்ட செக் டிஸ்க் எழுதி வைத்த கெட்ட கிளஸ்டர் பட்டியலும் சேர்ந்து நகலாகி வந்திருக்கிறது. தீர்வு, வேடிக்கைதான், செக் டிஸ்கேதான். நகல் டிஸ்கை வேறொரு விண்டோஸ் மெஷினில் மாட்டி, ‘ஆர்’ தெரிவுக்குப் பதில் ‘பி’ (/b) தெரிவோடு போட்டால் பழைய பட்டியலில் உள்ளவற்றை மறுபடி சோதித்து, நல்லதை விடுவித்துவிடும். இரவு முழுக்க ஓடியது. நகல்தானே, ஓடட்டும். காலையில் ஜிபார்ட்டட் வாய் திறக்காமல் சுருக்கியது. வால் பக்கத்தில் இருந்த ரெக்கவரி பார்ட்டிஷனை இடப்பக்கம் நகர்த்தி, டிஸ்க் நகலெடுக்கும் குளோன்ஜில்லாவின் எக்ஸ்பர்ட் மோடில் ஐசிடிஎஸ் (-icds) என்ற தெரிவைப் போட்டு (டிஸ்க் அளவு சரிபார்ப்பைத் தவிர்ப்பது அதுதான்) எஸ்எஸ்டிக்கு மாற்றினேன்.

பிட்லாக்கர் (டிஸ்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் இந்த வேலையைத் தொடங்கும் முன் 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகலும் பூட்டியேதான் வரும்.

கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலை. பிஹெச்0 ஸ்க்ரூடிரைவர், நெம்புவதற்கு ஒரு பழைய ஏடிஎம் கார்டு. ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை விட்டுவிட்டு இழுத்தால் மூடி விரிசல் விடும். திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். டிஸ்கின் ரிப்பன் கேபிளைப் பிடித்திருக்கும் கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால் மேலே தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. அது ஒடிந்தால் மதர்போர்டு வேலை. பழைய டிஸ்கில் சி7 வரியும் (தரவு கடத்தும்போது வரும் பிழைகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டிருந்தால் சந்தேகம் இந்தக் கேபிள் மேல், டிஸ்க் மேல் இல்லை. கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

முதல் பூட்டில் நகல் எடுத்த வெளி டிஸ்க் மாட்டியிருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால் விண்டோஸ் குழம்பும். பயாஸில் சாட்டா மோடை (டிஸ்கோடு பேசும் முறை) தொடாதீர்கள். ஏஎஹெச்சிஐயில் இருந்ததை ரெய்டுக்கு மாற்றினாலும், ரெய்டில் இருந்ததை ஏஎஹெச்சிஐக்கு மாற்றினாலும் நீலத் திரைதான். விண்டோஸ் லைசென்ஸ் போய்விடும் என்று பயமுறுத்திப் பணம் கேட்பார்கள். அது மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாற்றினால் போகாது. பூட் ஆனது. பழைய நாலு நிமிடம் இப்போது இருபது விநாடிக்குள். ரேம் அதே 4 ஜிபிதான்.

புது டிஸ்க் வாங்கியதும் பவர் ஆன் ஹவர்ஸ் (இதுவரை ஓடிய மணி நேரம்) வரியைப் பாருங்கள், ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கட்டும்.

எஸ்எஸ்டி வாங்கிய கடையில், “பழசைக் குடுத்துட்டுப் போங்க சார், 200 ரூபா குறைச்சுக்கறேன்” என்றார்கள். கொடுக்கவில்லை. நாம் அழிக்காத டிஸ்கில் எல்லாம் அப்படியே இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இப்படிப்பட்ட டிஸ்க் முழுவதும் ஒரு முறை பூஜ்யம் எழுதினால் பெண்டிங் செக்டார்கள் மாற்றி ஒதுக்கப்படும் அல்லது, எழுத முடிந்தால், கணக்கிலிருந்தே நீங்கிவிடும், சி5 பூஜ்யமாகிவிடும், மஞ்சளும் போய்விடலாம். அடுத்தவன் தலையில் அது ‘நல்ல கண்டிஷன்’ செகண்ட் ஹேண்டாக விழும். வாங்குபவர்கள் 05 வரியையும் பவர் ஆன் ஹவர்ஸையும் சேர்த்துப் பாருங்கள். உடைத்துத்தான் போடுவேன் என்றால், 2.5 அங்குல டிஸ்கில் உள்ளே இருக்கும் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. துணியில் நன்றாகச் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலை எடுங்கள்.