கங்னுங்கில் ஒரு கர்லிங் இரவு

பெயர்தான் பியோங்சாங் 2018 குளிர்கால ஒலிம்பிக். பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு வட்டத்தின் மையத்துக்கு நெருக்கமாக நிறுத்தும் கர்லிங் ஆட்டம் நடந்தது தென்கொரியாவின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் கங்னுங் நகரத்தில். 2017 டிசம்பரில்தான் சியோலிலிருந்து அதிவேக ரயில் விட்டிருந்தார்கள், இரண்டு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். சோயாப் பாலில் கடல்நீர் ஊற்றித் திரிக்கும் சோதாங் டோஃபுவுக்குப் பேர்போன ஊர். கொதிக்கக் கொதிக்க அதைச் சாப்பிட்டுவிட்டு அரங்கத்துக்கு நடந்தேன். பிப்ரவரி 23, வெள்ளி இரவு, பெண்கள் அரையிறுதி: தென்கொரியாவும் ஜப்பானும்.

சீக்கிரமே போய் உட்கார்ந்தது நல்லதாயிற்று. ஆட்டத்துக்கு முன் ஒருவர் முதுகில் நீர்த்தொட்டியைக் கட்டிக்கொண்டு, வயலுக்கு மருந்தடிப்பதைப் போலக் குழாயை இடமும் வலமும் வீசியபடி பின்னோக்கி நடந்தார். விழும் துளிகள் உறைந்து பொடிப்பொடி மேடுகளாகிவிடும். கல் அந்த மேடுகளின் மேல்தான் ஓடுகிறது. வழவழப்பான வெறும் பனியில் இந்த ஆட்டமே நடக்காது. கல்லும் லேசுப்பட்டதல்ல. ஸ்காட்லாந்தின் எய்ல்சா கிரெய்க் என்ற சின்னத் தீவின் கருங்கல், கிட்டத்தட்ட 20 கிலோ. தொலைக்காட்சியில் கேட்காத ஒன்று நேரில் கேட்கிறது: கல் சறுக்கும்போது எழும் அடித்தொண்டை உறுமல்.

கல்லை விட்டதோடு வேலை முடிந்துவிடும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் பாதி வேலை அப்புறம்தான் தொடங்குகிறது. முன்னால் ஓடும் இருவர் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கப் பனி சூடேறி உராய்வு குறையும். கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். எப்போது தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் கர்லிங்கில் ரகசியம் கிடையாது. அணிக்குள் ஓடும் யோசனை முழுவதும் எதிரணிக்கும் நமக்கும் கேட்கிறது. எனக்கு இந்த விளையாட்டு இவ்வளவு பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

கொரியா முழுக்க அப்போது ஒலித்த கூச்சல் "யோங்மி!". கேப்டன் கிம் உன்ஜோங் கல்லை விட்டதும், தேய்க்கும் கிம் யோங்மியை அழைப்பார். தொனி மாறினால் கட்டளையும் மாறும்: தொடங்கு, வேகமாக, பொறு. ஐந்து வீராங்கனைகளுக்கும் குடும்பப்பெயர் கிம். நால்வர் பூண்டு விளையும் உய்சோங் ஊர்க்காரர்கள். உன்ஜோங்கும் யோங்மியும் பள்ளிக்காலத் தோழிகள். அக்கா யோங்மி மறந்துவிட்டுப் போன பொருளைக் கொடுக்க வந்த தங்கை கியோங்ஏ அப்படியே ஆடத் தொடங்கிவிட்டாராம். அங்கே ஒரு கர்லிங் அரங்கம் கட்டியிராவிட்டால் இந்த அணியே இருந்திருக்காது. சின்ன ஊரில் அரங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

லீக் சுற்றில் கொரியா தோற்றது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் இதே ஜப்பானிடம். அரையிறுதியில் கொரியா முதல் எண்டிலேயே, அதாவது முதல் சுற்றிலேயே, மூன்று புள்ளி எடுத்தும் புஜிசாவா சத்சுகியின் அணி விடவில்லை. பத்தாவது எண்டில் 7-7. கூடுதல் எண்டின் கடைசிக் கல் உன்ஜோங் கையில். நடுவட்டத்தில் ஜப்பான் கல் நிற்கிறது, அதைவிட மையத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் போச்சு. கல் கிளம்பியது, யோங்மி பெயர் அரங்கம் முழுக்க எழுந்தது, கல் நின்றது. 8-7. ஆட்டம் முழுக்க முகத்தில் எதையும் காட்டாத உன்ஜோங் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கத்து இருக்கைப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லி அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் ஆண்கள் இறுதி. லீக்கில் ஒரு கட்டத்தில் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி என்று கிடந்த ஜான் ஷஸ்டரின் அமெரிக்க அணி, நிக்லஸ் எடினின் ஸ்வீடனோடு 5-5 என நின்றபோது, எட்டாவது எண்டில் ஒரே கல்லில் ஐந்து புள்ளியை அள்ளியது. கர்லிங்கில் ஐந்து என்பது அபூர்வம். 10-7, அமெரிக்காவுக்குக் கர்லிங்கில் முதல் ஒலிம்பிக் தங்கம். அன்றே ஜப்பான் பெண்கள் பிரிட்டனை வென்று வெண்கலம் வாங்கினார்கள்.

ஞாயிறன்று பெண்கள் இறுதியில் ஆனா ஹாசல்போரியின் ஸ்வீடன் 8-3 என்று கொரியாவை வென்றது. ஸ்வீடன் அன்று தப்பே செய்யவில்லை, தோல்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கர்லிங்கில் கொரியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அந்த வெள்ளி. ரயிலில் திரும்பும்போது எதிர் இருக்கைக் குழந்தைகள் இருவர் தரையைத் துடைப்பதுபோலக் குனிந்து "யோங்மி! யோங்மி!" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். ஒருவரும் அவர்களை அதட்டவில்லை.