மீதி ஒரு மில்லி

ஜூன் 4
நைட் முடிந்து வந்தும் தூக்கம் வரவில்லை. ஏழாம் பெட் தாத்தா விடிய விடிய முனகினார். இடுப்பில் ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். சார்ட்டில் ஃபென்டனில், அந்த ஓபியம் வகை வலி ஊசி, இரண்டு முறை போட்டதாக இருக்கிறது. "ஊசி போட்டீங்களா தாயி? போட்ட மாதிரியே இல்லையே."

ஜூன் 5
இன்று வார்டு சீனியர் நர்ஸ் அக்காவுக்கு வீக்லி ஆஃப். ஆனாலும் வந்து நின்றார்.

ஜூன் 8
ஃபென்டனில் ஆம்பூல் 2 மில்லி, 100 மைக்ரோகிராம். 50 போட்டால் மீதி ஒரு மில்லியை இன்னொருவர் கண்ணெதிரே கொட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். போன மாத ரெஜிஸ்டரில் அந்த இன்னொருவர் பதினொரு முறை நான். கொட்டியதைப் பார்த்தது இரண்டு முறை. "நீ போய் டிரிப் மாத்து கண்ணு, அப்புறமா சைன் போடு" என்பார் அக்கா. போட்டேன்.

ஜூன் 9
மழை. விவேக் நகரில் கரண்ட் இல்லை. பதினொன்று, பதினொன்று.

ஜூன் 11
டியூட்டிக்கு வந்ததிலிருந்து அக்காவுக்குக் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கையெல்லாம் புல்லரிப்பு. ஜலதோஷம் என்றார். அரை மணி நேரம் பாத்ரூம். வெளியே வந்தபோது ஜலதோஷம் போயிருந்தது. அரை இருட்டில்கூடக் கண்பாப்பா குண்டூசித் தலை அளவுதான்.

குழந்தைகள் கையில் நரம்பு தேடக் கற்றுக்கொடுத்தவர். திருப்பத்தூரிலிருந்து வந்த புதிதில் ஆறு மாதம் தன் ரூமில் வைத்துக்கொண்டவர். கேஜிஎஃப்பிலிருந்து அவர் அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பில் பாதி எனக்குத்தான். போன வருஷம் டிஸ்க் விலகி முதுகுவலியோடேயே வேலைக்கு வந்தார். அங்கேதான் ஆரம்பித்திருக்குமா? இல்லை, எல்லாம் என் கற்பனையா?

ஜூன் 12
அவரிடமே கேட்டால் அழுவார். நான் விட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா.

நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருக்கும் சிநேகிதிக்கு போன் செய்தேன். தனியாகப் போய்க் கேட்காதே, மேலே சொல் என்றாள். விஷயம் வெளியான அன்று அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பவும் கூடாதாம். அந்த ராத்திரிதான் ஆபத்து. மனநல உதவிக்கு டெலிமானஸ், 14416. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், குளிக்கும்போது போய்விட்டது.

ஜூன் 13
1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் சொந்த உபயோகத்துக்கான வழக்கிலிருந்து விலக்கு உண்டு. வார்டிலிருந்து எடுத்ததற்கு? பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளுக்கு?

ஜூன் 14
இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். நான் நினைத்தது எதையும் சொல்லவில்லை. தேதி, பெட் நம்பர், நேரம். என் கையெழுத்துகளையும் சேர்த்து.
"உன்னை ஏம்மா நீயே மாட்டிவிட்டுக்கற?"

ஜூன் 17
அக்காவை ஓசூர் ரோட்டுக்கு, நிம்ஹான்ஸுக்கு, அழைத்துப் போனார்கள். தம்பி வரும்வரை சூப்பரின்டென்டெண்ட் கூடவே உட்கார்ந்திருந்தார், அது நல்லது. அக்கா என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 18
என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். ஏழாம் பெட் டிஸ்சார்ஜ்.

ஜூன் 20
லாக்கரில் இருந்த டிபன் பாக்ஸை வாங்க அக்காவின் தம்பி வந்தார். கழுவித்தான் வைத்திருந்தேன்.
"அக்கா ஏதாவது சொன்னாங்களா?"
"தூங்குது."