அம்மாவோட தூக்க மாத்திரையும் வாராவாரம் கவுன்சிலிங்கும்

"நான் என்ன குடிகாரியாடி, என்னை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்த?"ன்னு அம்மா கேட்டது வெயிட்டிங் ஹால்ல இருந்த எல்லாருக்குமே கேட்டிருக்கும். எதிர்ல உக்காந்திருந்தவர் டக்குனு தலையைக் குனிஞ்சுக்கிட்டார், எனக்கு அவர் முகத்தைப் பாக்கவே முடியல. போதைப் பழக்கத்துக்கான ஓபி கவுன்சிலிங், அன்னிக்கு எங்களுக்கு முதல் நாள். அம்மாவுக்கு 69 வயசு, வாழ்க்கைல ஒரு சொட்டு குடிச்சதில்ல.

அப்பா போனதுக்கப்புறம் தூக்கமே வரலன்னு ஒரு டாக்டர் அல்பிரஸோலம் எழுதிக் கொடுத்தார். அந்த வகை மாத்திரையை பொதுவா ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு மேல குடுக்கக்கூடாதுன்னுதான் சொல்வாங்க, அம்மா ஒன்பது வருஷம் போட்டாங்க. அதே சீட்டு, அதே மாத்திரை, அரை ஒண்ணாச்சு, ஒண்ணு ஒன்றரை ஆச்சு. டாக்டர் கொடுத்த மருந்துதானேன்னு நானும் கேக்கல, வேற யாரும் கேக்கல.

பாத்ரூம்ல ரெண்டு தடவை விழுந்தாங்க, சொன்னதையே திரும்பச் சொன்னாங்க, பகல்ல உக்காந்தபடியே தூங்கி வழிஞ்சாங்க, நாங்க எல்லாரும் வயசாயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டோம். இங்கதான் பெரியவங்க விஷயத்துல எல்லாரும் கோட்டை விடறோம். மறதி, தடுமாற்றம், சாப்பாட்டுல மனசில்லாம போறது, யார் கூடவும் பேசாம ஒதுங்கறது, இது எல்லாமே முதுமைக்கும் பொருந்தும், மாத்திரைக்கும் பொருந்தும், குடிக்கும் பொருந்தும். வேலைக்குப் போற ஆளுன்னா ஆபீஸ்ல பிரச்சனை வந்து வெளிய தெரிஞ்சுடும், ரிட்டயர் ஆனவங்களுக்கு அது கூட இல்ல. இன்னொண்ணு, வயசாக ஆக உடம்புல தண்ணி குறைஞ்சு கொழுப்பு கூடுது, அதனால 40 வயசுல தாங்கின அதே அளவு சாராயம் 70-ல ரத்தத்துல இன்னும் அதிகமா ஏறும். டயஸிபாம்னு இதே வகைல இன்னொரு மாத்திரை இருக்கு, உடம்புல பாதியா குறைய 20 வயசுல கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகும்னா 80 வயசுல 80 மணி நேரத்துக்கு மேல ஆகும். அதாவது நேத்து போட்டது போகறதுக்குள்ள இன்னிக்குப் போடற மாத்திரை மேல சேருது.

நான் பண்ண பெரிய தப்பை சொல்லிடறேன். எல்லாத்துக்கும் மாத்திரைதான் காரணம்னு புரிஞ்ச அன்னிக்கே கோபத்துல மாத்திரை எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். மூணாவது நாள் கை காலெல்லாம் நடுக்கம், வேர்வை, என்னையே யாருன்னு கேட்டாங்க. எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடினோம், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்னு சொன்னாங்க. தயவுசெஞ்சு வீட்டுல யாரும் இதைப் பண்ணாதீங்க. தினமும் நிறைய குடிக்கிறவங்களுக்கும் இதே கதைதான், முதல் நாளே நடுக்கம் ஆரம்பிக்கும், ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், அதுக்கப்புறம் இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சு உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தணும்தான், ஆனா டாக்டரைப் பாத்துட்டு நிறுத்தணும்.

அங்கிருந்துதான் இந்த கவுன்சிலிங்குக்கு அனுப்பினாங்க. கவுன்சிலர் என்னை விட சின்னப் பொண்ணு. வீட்டுல இருக்கற மருந்து அத்தனையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்லி ஒவ்வொண்ணா பாத்தாங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அடிமைங்கற வார்த்தையை ஒரு தடவை கூட சொல்லல. "அம்மா, இதை குறைக்கணும்னு உங்களுக்கு எவ்ளோ தோணுது, 0-ல இருந்து 10 வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க"ன்னாங்க. அம்மா முறைச்சுக்கிட்டே 3-ன்னாங்க. ஏன் 10 இல்லன்னு கேப்பாங்கன்னு நினைச்சேன். "ஏன் 0 சொல்லல?"ன்னு கேட்டாங்க. அம்மா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "பாத்ரூம்ல விழுந்து கிடந்தப்போ எந்திரிக்க முடியல, கத்தணும்னு கூட தோணல"ன்னாங்க. எனக்கு அது தெரியவே தெரியாது, ஒரே வீட்டுலதான் இருக்கோம்.

அப்புறம் சைக்யாட்ரிஸ்ட் டோஸை ஒவ்வொரு தடவையும் பத்து சதவீதம் போல குறைச்சார், நடுவுல சில வாரம் இடைவெளி, மொத்தம் பதினோரு மாசம். கவுன்சிலிங் வாராவாரம். தூக்கம் வந்தா மட்டும் படுக்கை, இருபது நிமிஷத்துல வரலன்னா எந்திரிச்சு வேற ரூமுக்குப் போகணும், எப்போ தூங்கினாலும் காலைல அதே நேரத்துக்கு எந்திரிக்கணும், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதணும். முதல் சில வாரம் நரகம். அப்பா நினைவு நாள் அன்னிக்கு ராத்திரி பழைய பெட்டியில இருந்த மாத்திரை ரெண்டு போட்டுட்டு என்கிட்ட சொல்லல, கவுன்சிலர்கிட்ட சொல்லியிருக்காங்க. அவங்க திட்டல, அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து என்னென்ன நடந்துச்சுன்னு மெதுவா கேட்டிருக்காங்க, அடுத்த ஒரு மாசம் டோஸ் குறைக்காம அப்படியே விட்டாங்க.

அட்மிட் பண்ணியிருந்தா அம்மா ரெண்டாவது நாளே கிளம்பி வந்திருப்பாங்க. வீட்டுல இருந்துக்கிட்டே போய் வந்ததுதான் சரியா இருந்துச்சு, ஏன்னா அவங்க பிரச்சனையே வீட்டோட ராத்திரிதான். ஆனா எல்லாருக்கும் இது பொருந்தாது, முன்னாடி ஃபிட்ஸ் வந்தவங்க, தினமும் ரொம்ப அதிகமா குடிக்கிறவங்க, வீட்டுல பாத்துக்க ஆள் இல்லாதவங்க முதல்ல அட்மிட் ஆகி அப்புறம் ஓபிக்கு வரணும்.

"இந்த வயசுல போய் என்னத்த மாத்தறது"ன்னு சொந்தக்காரங்க சொன்னப்போ எனக்கு அவ்ளோ வலிச்சுது. கனடாவுல அம்மா போட்ட வகை மாத்திரையைப் போட்டுட்டிருந்த 65 வயசுக்கு மேல உள்ளவங்ககிட்ட பண்ண ஒரு ஆய்வு 2014-ல வந்துச்சு, அந்த வகை மாத்திரை என்ன பண்ணும், எப்படி குறைக்கலாம்னு ஒரு சின்ன புத்தகம் கொடுத்ததுக்கே ஆறு மாசத்துல 27 சதவீதம் பேர் முழுசா நிறுத்தியிருக்காங்க, புத்தகம் கிடைக்காதவங்கள்ல 5 சதவீதம்தான். பெரியவங்களுக்கான குரூப் கவுன்சிலிங்ல அம்மா கூட உக்காந்தவங்கள்ல சிலர் ரிட்டயர் ஆனப்புறம்தான் குடிக்கவே ஆரம்பிச்சவங்க, சிலருக்கு துணை போனப்புறம். யாராவது வந்து கேக்கணும்னுதான் அவங்க காத்திருந்த மாதிரி எனக்குத் தோணுச்சு.

இப்போ மாத்திரை நின்னு நாலு மாசம் ஆச்சு. அஞ்சரை மணி நேரம் தூங்கறாங்க, மூணு மணிக்கே முழிச்சுடறேன்னு புலம்பறாங்க, வயசானா தூக்கம் இப்படித்தான் லேசாகும்னு கவுன்சிலர் சொன்னதை இன்னும் முழுசா நம்பல. மாசம் ஒரு தடவை போறோம். நோட்டு தீர்ந்து போச்சாம், அடுத்த தடவை போறதுக்குள்ள புதுசு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.