கம்பு மாவுக்குத் தேதி போடுங்க

கொள்ளு, தட்டைப்பயறு டப்பாவில் தேதி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். கம்பு மாவில் முடியாது. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்துவிட்டால் அது காற்றுபட்டுக் கெட்டு, வெயில் காலத்தில் ஒரு வாரத்திலேயே மாவு கசக்கத் தொடங்கும். அரைத்த அன்றே ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும்.

கொங்கு வீட்டில் தேங்காய் இல்லாமல் எது நடக்கும்? ஆனால் துருவலை உருண்டையாகக் கட்டி உறைய வைக்காதீங்க, உடைக்கச் சுத்தியல் தேடணும். ஜிப் கவரில் அரை அங்குலக் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஸ்கேலால் நாலு கட்டமாக அழுத்துங்க. உறைந்தபின் ஒரு சட்னிக்கு ஒரு கட்டம் ஒடித்துக்கொள்ளலாம்.

லேபிளுக்கு மாஸ்கிங் டேப்பும் பெர்மனென்ட் மார்க்கரும். ஸ்கெட்ச் பேனா ஈரத்தில் கரைந்துவிடும். கவர் காய்ந்திருக்கும்போதே ஒட்டணும். பனி பூத்தபின் டேப் நிற்காது. 'தேங்காய், 12/6, 2 கப்' போதும். வெறும் 'குழம்பு' என்று எழுதுவது வீண்: உறைந்தபின் கொள்ளுக் குழம்பும் கறிக்குழம்பும் ஒரே நிறம்தான்.

பயறில் வண்டு பயமிருந்தால் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, கவரைத் திறக்காமலே குளிர் முழுக்க விடும்வரை வெளியே வைங்க. சில்லென்றிருக்கும்போதே டப்பாவில் கொட்டினால் வேர்த்து, பூசணம் பிடிக்கும்.