பிரிண்டர் வாங்கறதுக்கு முன்னாடி டோனர் விலைய பாருங்கப்பா

புதுசா ஆடிட்டர் ஆபீஸ் போட்டிருக்கற தம்பி ஒருத்தன் "அண்ணே, லேசர் பிரிண்டர் ஒண்ணு சல்லிசா வருது, எடுத்துடவா?"ன்னான். டோனர், அதான் அதுல மைக்குப் பதிலா போடற பவுடர், எவ்ளோடான்னேன், முழிக்கறான்.

சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான் இது. மெஷினோட வர்ற டோனர் நிறைய மாடல்ல ஸ்டார்ட்டர் தான், முழு அளவு பவுடர் இருக்காது. அட்டைல 1500 பக்கம்னு போட்டிருந்தா அது பக்கத்துல சுமாரா 5 சதவீதம் மட்டும் கருப்பு விழற கணக்கு, நம்மாளுங்க ஆதார் பான் கார்டெல்லாம் கருகருன்னு பார்டரோட காப்பி எடுக்கறப்ப அந்தக் கணக்கு எங்க நிக்கும்?

எச்பி 1020 பழைய மெஷினை இன்னமும் ஏன் விடாம வெச்சிருக்காங்கன்னு நினைக்கறீங்க, அதோட 12ஏ கார்ட்ரிட்ஜ்ல, அதான் டோனர் டப்பால, பவுடர் கணக்கு வெச்சுக்கற சிப் கிடையாது, ரீஃபில்காரர் வந்து பழைய பவுடரை தட்டிட்டு புதுசு கொட்டி மூடிட்டுப் போயிடுவார். இப்ப வர்றதுல பலதுல சிப் இருக்கு, ரீஃபில் பண்ணா சிப்பும் மாத்தணும். சிலதுல டிரம், அதான் பவுடரை பேப்பருக்கு கொண்டு வர்ற உருளை, வேற தனிச் செலவு, அதையும் கேட்டுக்கோங்க.

கலர் வேணும்னா பாட்டில் மைய ஊத்திக்கற இங்க் டேங்க் பிரிண்டர் தான். எப்சன் 003 கருப்பு பாட்டில் 65 மில்லி, கம்பெனி கணக்குல 4500 பக்கம். ஆனா ரொம்ப நாள் சும்மா போட்டா மை தெளிக்கற ஹெட் அடைச்சுக்கும், வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிச்சிடணும்.

தம்பிக்கு டூப்ளக்ஸ், அதான் பேப்பரோட ரெண்டு பக்கமும் தானா அடிக்கற வசதி, இருக்கற பிளாக் அண்ட் ஒயிட் லேசர் போதும்னு சொல்லியிருக்கேன். ஆனா அவனுக்கு வைஃபை, டச் ஸ்கிரீன் எல்லாம் வேணுமாம் 😄